ஆறடிக் கை

நலவாழ்வுக் கல்விக் கழகம் எங்களுக்குத் தர வேண்டியது இருநூற்று நாற்பது ரூபாய். எங்களுக்கு என்றால் எனக்கும் மாசாணத்துக்கும். ஒரு கைவண்டி, நான் முன்னால் இழுப்பேன், அவன் பின்னால் தள்ளுவான். ரேஸ்கோர்ஸ் பக்கம் இருந்த கழக ஆபீசிலிருந்து, உக்கடத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தகரக்கார வீதிக்கு நாலு நடை. நடைக்கு அறுபது என்று பேச்சு. ஏற்றியது நாற்காலி, மேஜை, மைக்செட், அப்புறம் ஒரு கை.

கை என்றால் மனுசன் கை இல்லை. காகிதக் கூழில் செய்து ரோஸ் பெயிண்ட் அடித்த ஆறடிக் கை. விரல் ஒவ்வொன்றும் என் தொடைப் பருமன். உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் பச்சைப் பச்சையாகக் கிருமிகளை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் கண்ணு, பல்லு, கோபம். டவுன்ஹால் வழியாக இழுத்து வரும்போது ஒரு டவுன் பஸ் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாய், மீதி ஆளு எங்கீங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி லாரில வருதுங்க" என்றான் மாசாணம்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யார் எந்தத் தாளை நீட்டினாலும் கட்டைவிரலை நீட்டுவேன். நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இந்த வியாதி. இப்போதெல்லாம் சோப்பு உறையைக்கூட முழுசாகப் படிக்காமல் பிரிக்கிறதில்லை.

வண்டியில் சுவரொட்டிக் கட்டும் இருந்தது. அதையும் படித்தேன். அதே படத்தைப் போன வருசம் பீளமேட்டில் பார்த்திருக்கிறேன்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பால்காரர், மாடு. எங்களுக்கென்று அதில் தொப்பி வரைந்து சேர்த்திருந்தார்கள். அப்பாவுக்குத் தொப்பி. பையனுக்குத் தொப்பி. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் தொப்பி. பால்காரருக்கும் விடவில்லை. மாடு மட்டும் தப்பித்தது. நான் கையில் இருந்த கிருமிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதற்கும் தொப்பி இல்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

இந்த நடைக்கு நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இஸ்மத். என் சம்சாரம். அவள் வலது பாதத்தில் தகரம் கிழித்த புண். எங்கள் வீதியில் தகரம் கிழிக்காத கால் கிடையாது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். இவளுக்கு மார்கழியில் கிழித்தது மாசியிலும் ஈரமாகவே இருந்தது. எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பாள். முக்கு கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, "சக்கரை இருக்குதான்னு லேபுல பாத்துட்டு வாங்க. சும்மா உட்டா வெரலை எடுக்கோணும், அப்புறம் காலை எடுக்கோணும்" என்றார். லேபு, மாத்திரை, கட்டு எல்லாம் சேர்த்தால் கழகம் தர வேண்டிய பணம் சரியாக இருக்கும். பணம் வந்ததும் போகலாம் என்று இருந்தேன்.

அது தொண்ணூற்று நாலாம் வருசம். மாசியும் ரமலானும் ஒன்றாக வந்த வருசம். வீதியே நோன்பில் இருந்தது. இஸ்மத்தும் நோன்பு பிடித்தாள். பள்ளிவாசல் அஜ்ரத் சொல்லிப் பார்த்தார்: "சீக்காளிக்கு நோன்பு கட்டாயமில்லம்மா. ஒடம்பு தேறுனதுக்கப்புறம் வச்சுக்கலாம்."

"நான் சீக்காளின்னு எந்தத் தாள்லீங்க அஜ்ரத் எழுதியிருக்குது?" என்றாள். தாள் என்று ஒன்று வந்தால்தான் எதையும் நம்புவது என்கிற பழக்கத்தை நான்தான் அவளுக்குப் பழக்கிவிட்டிருந்தேன்.

துவக்க விழா பள்ளிவாசலுக்கு முன்னால் நடந்தது. மதியத் தொழுகை முடிந்த நேரம். தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, கால் எல்லாம் கழுவிய ஈரம் இன்னும் தாடியில் சொட்ட, ஆட்கள் வந்து நின்றார்கள். கழகத்தின் இயக்குநர் டாக்டர் கிருபாசங்கர் மைக்கைப் பிடித்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஏதோ எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர் என்று கழகத்து நர்ஸ் மெர்சி சொன்னார்.

"பெரியோர்களே! உங்கள் சமுதாயத்தில் கை கழுவும் பழக்கம் இல்லை என்பதை நாங்கள் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கருத்தரங்கில் கண்டறிந்தோம். மனம் தளர வேண்டாம். நாளைக்கு ஒரு தடவையாவது கை கழுவ வேண்டும் என்ற எண்ணத்தை உங்களுக்கு ஏற்படுத்துவதே எங்கள் ஐந்தாண்டு இலக்கு."

அஜ்ரத் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நாங்க ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கழுவறமுங்க."

இயக்குநர் சிரித்தார். பக்கத்தில் நின்ற கழக எழுத்தர் சென்னகிருஷ்ணனிடம், "எழுதிக்கொள்ளுங்கள். பயனாளிகள் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். அறியாமையின் முதல் அறிகுறி" என்றார். சென்னகிருஷ்ணன் எழுதிக்கொண்டார்.

அடுத்தது கை கழுவும் செயல்விளக்கம். எங்கள் வீதிக் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அது கழகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லாரும் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். இஸ்மத்தும் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"அம்மணி, குடத்தையெல்லாம் அக்கட்ட வையுங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "இது குடிக்கற தண்ணி இல்லீங்க. கல்வித் தண்ணி."

"கல்விக்குன்னு தனியாத் தண்ணி வருதுங்களா?" என்று கேட்டாள் இஸ்மத்.

"இதுல கை மட்டுந்தான் கழுவலாம். வேற எதுக்காச்சும் எடுத்தா ஆடிட்டுல அடிபடுமுங்க."

இஸ்மத் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கினாள். பிறகு லாரிக் குழாய்க்கு நேராகக் குடத்தை வைத்து, அதற்கு மேலே கையை நீட்டினாள்.

"இதென்னுங்கம்மா?"

"கை கழுவறனுங்க. கீழ சிந்துனாச் சேறாயிருமுங்க. சேத்துல கிருமி வருமுன்னு இப்பத்தானுங்க மைக்குல சொன்னாங்க."

இயக்குநருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பாருங்கள், கல்வி வேலை செய்கிறது!" என்று கைதட்டினார். அதற்குப் பிறகு வீதிப் பெண்கள் கை கழுவியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் நின்று கழுவுவார்கள், குடம் நிறையும், வீட்டில் ஊற்றிவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நிற்பார்கள். பாத்திரம் துலக்க, துணி அலச, தொட்டி நிரப்ப என்று லாரி காலியாகும் வரைக்கும் கழுவினார்கள். ஆறடிக் கை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை; கூழ் ஊறிவிடும் என்று தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

அன்றைய அறிக்கையை நான் வண்டியில் ஆபீசுக்குத் திரும்ப எடுத்துப் போகும்போது எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கை கழுவுவதில் பெண்கள் வரலாறு காணாத ஆர்வம் காட்டினர். ஒருவர் பன்னிரண்டு தடவை கழுவினார்" என்றிருந்தது. அந்த ஒருவர் இஸ்மத்.

அடுத்த வாரம் சத்துணவு விளக்கம். நடுப்பகல் பன்னிரண்டு மணி. மேஜையில் அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், கேப்பைக் களி. பயனாளி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விதி. வீதிக்காரர்கள் மரியாதையாக வந்து உட்கார்ந்து முட்டையைப் பார்த்தார்கள். ஒருத்தரும் தொடவில்லை.

இயக்குநர் முகம் மாறியது. "சந்தேகப்படுகிறார்கள்" என்றார் மெல்ல. பிறகு மைக்கில், "இதில் விஷமும் இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தும் இல்லை! நானே சாப்பிட்டுக் காட்டுகிறேன்" என்று ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டார். குடும்பக் கட்டுப்பாடு என்று அவர் சொல்லும் வரை யாருக்கும் அந்த நினைப்பே இல்லை. சொன்ன பிறகு எல்லாரும் முட்டையை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அதைக் கண்டு அவர் இன்னொன்று சாப்பிட்டார். வெள்ளைக் கருவில் இருக்கிற சத்தைச் சொல்ல ஒன்று, மஞ்சள் கருவில் இருக்கிற சத்தைச் சொல்ல ஒன்று. விக்கல் வந்துவிட்டது. பேச்சு நின்றது. நோன்பாளிகளில் ஒருவர் எழுந்து ஓடிப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மெர்சிதான் மேடை ஏறி, "சார், இவங்களுக்கு இது நோன்பு மாசம் சார். பொழுது உழுகற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்க" என்றார்.

"ஒரு மாசமா? எங்களுக்குத் தகவல் வரவில்லையே. யார் இதை முடிவு செய்தது?"

"பிறைங்க" என்றார் அஜ்ரத்.

"யார்?"

"நிலாவுங்க. அது தெரிஞ்சா ஆரம்பிப்போம், மறுபடி தெரிஞ்சா முடிப்போமுங்க."

"நிலா முடிவு செய்தால் நிர்வாகம் எப்படி நடக்கும்?" என்று இயக்குநர் வருத்தப்பட்டார்.

"அப்பறமா வச்சுக்கலாமே சார்" என்றார் மெர்சி.

"மார்ச் முடிவதற்குள் செலவுக் கணக்குப் போய்ச் சேராவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும், மெர்சி. நோன்பு அடுத்த வருசமும் வரும். நிதி வருமா?"

அந்த முட்டைகளைத் திரும்பவும் நாங்கள்தான் வண்டியில் ஏற்றினோம். ஆபீஸ் வாசலில் இறக்கும்போது சென்னகிருஷ்ணனிடம் பாக்கியைக் கேட்டேன். நல்ல மனுசன்தான். திட்டவே தெரியாது. அவரிடம் பணம் கேட்டவன் வாங்காமல் திரும்பினாலும் சந்தோசமாகத் திரும்புவான்.

"ஏனுங்க தாவூது பாய், உங்களுக்குக் குடுக்காம எங்கீங்க போயிருவோம்? நிகழ்ச்சி முழுமையாயிட்டா மறுநாளே பில்லு பாஸ் ஆயிருமுங்க."

"முழுமைன்னா என்னுங்க?"

"அறுவது பேருக்குச் சக்கரை பாக்கோணுமுங்க. ஆளுக்கு ரெண்டு ரத்தம். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு ஒண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் லேபுல வாங்குவாங்க. ஒத்தை ரத்தத்தைத் தொடவே மாட்டாங்க."

சக்கரை என்றதும் என் காது நிமிர்ந்துகொண்டது. லேபு செலவே இல்லாமல் இஸ்மத்துக்குப் பார்த்துவிடலாம். பணமும் வந்துவிடும். என் ஆயுசில் அன்றைக்கு ஒரு நாள்தான் அந்தக் கழகத்தை நான் சந்தேகப்படவில்லை. அதற்குத்தான் அனுபவித்தேன்.

வீதியில் வீடு வீடாகப் போய் நான்தான் ஆள் சேர்த்தேன். "ரத்தத்தை எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவாங்க?" "பேரு எழுதறாங்களா? அப்ப ரேசன் கார்டுல கை வைப்பாங்க." "கொளத்தோரம் இருக்கற ஊட்டையெல்லாம் காலி பண்ணத்தான் இது." எனக்குக் கமிஷன் என்றும் பேசிக்கொண்டார்கள். ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியாது என்று அஜ்ரத் சொல்லி, தானே முதலில் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

மெர்சிக்கு ஆச்சரியம். "எத்தனையோ முகாம் போட்டிருக்கறேன். வெறும் வயித்துல வாங்கன்னா டீ குடிச்சுட்டு, பன்னு தின்னுட்டு வந்து நிப்பாங்க. இப்படி ஒரு வீதியே வெறும் வயித்தோட வந்ததில்லை" என்றார். இஸ்மத்துக்கும் எடுத்தார்கள். அறுபது குப்பி நிறைந்தது.

பிறகு சென்னகிருஷ்ணன் மைக்கில், "இப்ப எல்லாரும் போயி நல்லாச் சாப்பிட்டுப்போட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு வாங்க" என்றார்.

ஒருத்தரும் நகரவில்லை.

நோன்பு திறப்பது ஆறரைக்கு. அதிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் எட்டரை. கழகம் ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு எடுக்கிற ரத்தம் கணக்கில் வராது என்று சென்னகிருஷ்ணன் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்து ஜமாத்தில் சேர்க்கச் சொன்னார்கள். வழியில் வண்டியை ஓரங்கட்டிப் படித்தேன். மாசாணம் கேட்டுக்கொண்டிருந்தான். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, வரும் வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும், நோன்பு திறக்கும் நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றி அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் சூரிய அஸ்தமனத்துக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"நெசமா அப்புடித்தான் எழுதியிருக்குதுங்களா பாய்? இல்ல நீங்க எழுத்தை மாத்திக் கூட்டறீங்களா?" என்றான் மாசாணம். நானும் ஒரு தடவை மறுபடி கூட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அஜ்ரத் படித்துவிட்டுத் தாடியைத் தடவினார். "சூரியன் நம்ம ஜமாத்துல சந்தா கட்டறதில்லை, நாங்க சொன்னாக் கேக்காதுங்கன்னு சொல்லிப்போடு தாவூது" என்றார். நான் அப்படியே போய்ச் சொன்னேன். இயக்குநர் கோபப்படவில்லை. "ஒத்துழையாமை" என்றார். சென்னகிருஷ்ணன் எழுதிக்கொண்டார்.

அப்போது மாசாணம் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தான். இயக்குநர் ஜன்னல் வழியாக அவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது யார்?"

"வண்டி தள்ளறவருங்க சார். மாசாணம்" என்றார் சென்னகிருஷ்ணன்.

"அந்தப் பகுதியிலா இருக்கிறார்?"

"இல்லீங்க சார், ஆத்துப்பாலம். ஆனா பகலெல்லாம் அங்கதானுங்க."

"பகலில் சாப்பிடுகிறாரே!"

அவ்வளவுதான். மறுநாள் காலையில் மாசாணத்தை வெறும் வயிற்றில் வரச் சொல்லி ஒரு ரத்தம், எட்டு இட்லி வாங்கிக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இட்லி மட்டும் புரிந்தது. மற்ற ஆட்களை என்ன செய்வது என்று சென்னகிருஷ்ணன் கேட்டபோது நான் அங்கேதான் மேஜை தூக்கிக்கொண்டு நின்றேன்.

"சென்னகிருஷ்ணன், புள்ளியியலில் இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். இவர் அந்தப் பகுதியின் காற்றைச் சுவாசிக்கிறார். அந்தப் பகுதியின் தேநீரைக் குடிக்கிறார். அந்தப் பகுதியின் சுமையைத் தூக்குகிறார். ஆகவே இவர் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ அந்தப் பகுதியின் ரத்தமே."

மேஜையை இறக்கி வைத்தேன். "அப்ப எங்க வீதி ரத்தமெல்லாம் எங்கீங்க?" என்று மெர்சியைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "பிரிட்ஜ்ல வச்சிருந்தேங்க. டைரக்டரோட மோருக்கு இடமில்லைன்னு எடுத்து ஊத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

பெருநாள் கழிந்து நிறைவு விழா. ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். சர்க்கரை 118, நலம் என்று ரப்பர் முத்திரை. அஜ்ரத்துக்கு 118. பிரியாணி மாஸ்டருக்கு 118. போன வாரம் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் 118. வீதியில் ஒரே கொண்டாட்டம். "ஒரே ஜமாத்து, ஒரே சக்கரை!" என்று பிரியாணி மாஸ்டர் அட்டையைக் கடையில் மாட்டிவிட்டார்.

மேடையில் இயக்குநர் குரல் தழுதழுத்தது. "சர்க்கரை நோயே இல்லாத முதல் சிறுபான்மைப் பகுதியை உருவாக்கியிருக்கிறோம். அதுவும் ஒரே மாதத்தில்! இரண்டு ரத்தமும் கொடுத்து ஒத்துழைத்த சிறந்த பயனாளி, ஜனாப் மாசாணம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

மாசாணம் என் முகத்தைப் பார்த்தான். நான் மேடையைப் பார்த்தேன். போட்டோக்காரர் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தார். சின்னது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே எவர்சில்வர் குடத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு இறங்கினான்.

"பாய், என்ற ஊட்ல இந்தப் போட்டோவப் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"குடத்தை மொதல்ல காட்டு. போட்டோவ அப்பறமாக் காட்டலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இஸ்மத் டீயில் சீனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அட்டை அலமாரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றது.

"கெளம்பு, லேபுக்குப் போலாம்" என்றேன்.

"எதுக்குங்க? அதான் கவர்மெண்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்களே."

"அது கவர்மெண்டு இல்ல. கழகம்."

"முத்திரை இருக்குதுங்களே. தாள்ல இருந்தாத்தான் நம்போணுமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பாருங்க, நலமுன்னு போட்டிருக்குது." இஸ்மத் தெரிந்து வைத்திருந்த கொஞ்ச எழுத்தும் நான் சொல்லிக் கொடுத்தது. புண் இப்போது பெருவிரலுக்குப் பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. காலைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அட்டையைக் கிழிக்கப் போனேன். பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மாசாணம் வந்து வாசற்படியில் குந்தினான்.

"அக்கா, அதுல இருக்கறது என்ற ரத்தமுங்க."

"எதுல?"

"அந்த நூத்திப் பதினெட்டு. அது நானுங்க. எட்டு இட்லி தின்னுபோட்டுக் குடுத்தனுங்க."

இஸ்மத் முதலில் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"அப்ப என்ற ரத்தம்?"

"மோருக்கு எடமில்லைன்னு ஊத்திப்போட்டாங்களாமுங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையைக் காலிலிருந்து எடுத்துவிட்டாள். "எனக்கு இந்த வெரலு ரெண்டு நாளா இருக்கறதே தெரியலீங்க" என்றாள்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அன்றைக்கு இயக்குநர் அறைக்குள்ளேயே விட்டார்கள்.

"சார், நிகழ்ச்சி முழுமையாயிருச்சுங்க. எங்க இருநூத்தி நாப்பதக் குடுத்துருங்க. என்ற சம்சாரத்துக்குச் சக்கரைன்னு டாக்டர் சந்தேகப்படறாருங்க."

"சாத்தியமில்லை" என்றார். "உங்கள் பகுதியில் சர்க்கரை இல்லை என்று அறிக்கை டெல்லிக்கே போய்விட்டது. அப்படியே இருந்தால், அது அறிக்கைக்குப் பிறகு வந்த சர்க்கரை. அதற்குக் கழகம் பொறுப்பல்ல. கழகம் கொடுத்த கல்வியைக் கடைப்பிடிக்காததால் வந்திருக்கும்."

"சரிங்க சார், அது கெடக்கட்டும். பணமுங்க."

அவர் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். சென்னகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரொக்கமாத் தர நிதி தீந்துபோச்சுங்க பாய். நிறைவு விழாவுல சால்வை கொஞ்சம் அதிகமாயிருச்சு. ஆனா பொருளாத் தரலாமுன்னு விதி இருக்குதுங்க. நம்ம கை இருக்குதில்லீங்க, தேய்மானம் போக அதோட மதிப்பு ஐந்நூறு. உங்க பாக்கி இருநூத்தி நாப்பது. மிச்சம் இருநூத்தி அறுவது நீங்கதான் கழகத்துக்குத் தரோணும்."

நான் வாயைத் திறந்தேன். இயக்குநர் கையை உயர்த்தினார். "ஏழை என்பதால் அதைத் தள்ளுபடி செய்கிறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் மனசைத் தானே பார்த்துவிட்டார் போல.

அவர்களே தூக்கி எங்கள் வண்டியில் வைத்தார்கள். அதற்கு மட்டும் நாலு பேர் ஓடி வந்தார்கள். நேராக உக்கடம் பழைய பேப்பர் கடைக்கு இழுத்துப் போனோம். கடைக்காரர் சுண்டு விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்ச கூழு மில்லுல எடுக்க மாட்டாங்க பாய். வேணுமுன்னா அம்பது ரூவா குடுங்க, எடுத்துப் போட்டர்றேன்" என்றார்.

மாசாணம் எங்கேயோ போனான். பொழுதோடு திரும்பி வந்து என் சட்டைப் பையில் நோட்டைச் சொருகினான். குடத்தை விற்றுவிட்டான்.

"உன்ற ஊட்ல என்னடா சொல்லுவாங்க?"

"போட்டோதான் இருக்குதுங்களே. அதுலயே குடமும் தெரியுதுங்க" என்றான்.

லேபில் இஸ்மத்தின் சொந்த ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. முக்கு கிளினிக் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். நான் திட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. மாத்திரை, தினம் கட்டு. "காலைத் தொங்கப் போடவே கூடாது. ஒரு முழ ஒசரத்துல எதும்மேலயாச்சும் வச்சுட்டே இருக்கோணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு முழ உயரத்தில் வேறு என்ன இருக்கிறது? பாதி வீட்டை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது அந்தக் கை ஒன்றுதான். கிருமிகளையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளங்கையில் பழைய லுங்கியை மடித்துப் போட்டேன். இஸ்மத் பாயில் படுத்துக் காலை அதில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி குதிகால் போய் உட்கார்ந்தது.

ஆனி மாசத்தில் ஒரு நாள் சென்னகிருஷ்ணன் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பாக்கி இல்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கவில்லையாம், ஆடிட்டில் நிற்கிறதாம். வாசலில் செருப்பை விட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். இஸ்மத் எழப் போனாள்.

"இருக்கட்டும் அம்மணி, அசையாதீங்க" என்றார். வெளியே வந்து, சுவரில் தாளை வைத்து ரொம்ப நேரம் யோசித்து ஒரு வரி எழுதினார். என்னிடம் நீட்டினார். "படிச்சுப்போட்டே போடுங்க பாய். உங்களுக்குத்தான் சந்தேகமாச்சே."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "கழகத்தின் கை பயனாளியின் வீட்டில் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. இரு தரப்பிலும் பாக்கி இல்லை."

முதல் வரியை மறுபடியும் படித்தேன். எங்கேயாவது பொய் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். கழகத்தின் தாளில் பொய் இல்லாத ஒரு வரியை அன்றைக்குத்தான் படிக்கிறேன். இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இஸ்மத் காலை ஒரு தடவை தூக்கி, வாகாக மறுபடியும் அந்தக் கையில் வைக்கிற சத்தம் கேட்டது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.